பழைய காரில் கூலன்ட் குறைகிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் முறை

மாருதி 800, ஆம்னி, ஜென், சான்ட்ரோ, இண்டிகா என்று பதினைந்து, இருபது வருடம் ஓடிய கார்களுக்கான வழிமுறை இது. இந்த வயதுள்ள வண்டியில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைகிறது என்று சொன்னால் பட்டறையில் முதலில் காதில் விழும் பதில் "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் சார்" என்பதுதான். எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்பாகமான ஹெட்டுக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு அது. பெரும்பாலும் போயிருக்காது. மூடி, கிளிப்பு, ஹோஸ், ரேடியேட்டர், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு வர வேண்டிய இடம் அது. கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவு குறைந்த காரணம் முதலில் வருகிறது. அதே வரிசையில் போனால் தேவையில்லாமல் ஹெட்டைக் கழற்ற வேண்டி வராது.

சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் கொதிநீர், மூடி தளர்ந்த நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். அணைத்து ஒரு மணி நேரமாவது போகட்டும். மேல் ஹோஸை அமுக்கிப் பார்த்து, சூடில்லாமல் தொளதொளவென்று இருந்தால் மட்டும், மூடிமேல் துணி போட்டுத் திறக்கலாம். இன்னொன்று: பல கார்களில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றும். எஞ்சின் சூடாக இருக்கும்வரை விரலை அங்கே கொண்டுபோக வேண்டாம்.

## எந்தச் சோதனைக்கும் முன்: எவ்வளவு குறைகிறது?

"அடிக்கடி ஊத்த வேண்டியிருக்கு" என்பதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. காலையில், எஞ்சின் ஆறிய நிலையில், சமதளத்தில் நிறுத்தி, ரிசர்வ் டப்பாவில் (ரேடியேட்டரோடு ஹோஸால் இணைந்த பிளாஸ்டிக் டப்பா) இருக்கும் மட்டத்துக்கு நேராக மார்க்கரால் கோடு போடுங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்து கழுத்துவரை நிரம்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு வாரம் ஓட்டிவிட்டு, அதே மாதிரி காலையில், அதே இடத்தில் நிறுத்திப் பாருங்கள். ஓடி வந்த உடனே பார்த்தால் மட்டம் ஏறித்தான் தெரியும்; அதை நம்ப வேண்டாம்.

மாதத்துக்கு 50 மில்லி குறைவது டப்பாவிலிருந்து ஆவியாகிப் போவதாகவே இருக்கலாம். வாரத்துக்கு 100 மில்லி என்றால் எங்கோ கசிவு உண்டு. வண்டியை ஓட்டிக்கொண்டே தேடலாம். ஒரே பயணத்தில் அரை லிட்டர் காணாமல் போனால், காரணம் தெரியும்வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள். இந்தச் சின்ன எஞ்சின்களில் மொத்தமே மூன்று, நான்கு லிட்டர்தான்.

வெறும் தண்ணீர் ஊற்றி ஓடும் வண்டி என்றால், தேடத் தொடங்கும் முன்பே நிறமுள்ள கூலன்ட்டுக்கு மாற்றிவிடுங்கள். தண்ணீர் கசிந்து காய்ந்தால் தடம் அவ்வளவாகத் தெரியாது. கூலன்ட் பச்சையாகவோ சிவப்பாகவோ கறை விட்டுப் போகும்.

## அறிகுறி 1: டப்பா நிறைந்தே இருக்கிறது, ரேடியேட்டர் மட்டும் காலி

பலரும் ஏமாறும் இடம் இது. தினமும் டப்பாவைப் பார்த்து "மட்டம் சரி" என்று ஓட்டிக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடும்.

மூடி. ரேடியேட்டர் மூடியில் இரண்டு வால்வுகள் உண்டு. சூடானதும் அழுத்தத்தை டப்பாவுக்கு விடுவது பெரிய ஸ்பிரிங். ஆறும்போது டப்பாவிலிருந்து கூலன்ட்டைத் திரும்ப உள்ளே இழுக்க விடுவது நடுவிலுள்ள சின்ன வட்டத் தகடு. அந்தத் தகடு ஒட்டிக்கொண்டால் போன கூலன்ட் திரும்பாது. நகத்தால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். எளிதாகத் திறந்து, விட்டதும் தானே மூட வேண்டும். ரப்பர் வாஷரில் வெடிப்போ ஆழமான தடமோ இருந்தால் மூடியை மாற்றுங்கள். சில நூறு ரூபாய்க்குள் முடியும் வேலை. மேலே அச்சிட்டிருக்கும் அழுத்த எண்ணைப் பார்த்து அதே மூடிதான் வாங்க வேண்டும். 0.9 இருந்த இடத்தில் "இன்னும் பலமா இருக்கட்டும்" என்று 1.1 போட்டால், பழைய ரேடியேட்டரின் பலவீனமான மூலை முதலில் வாய் திறக்கும்.

டப்பாவுக்குப் போகும் மெல்லிய ஹோஸ். ஒரு ஊசித் துளை போதும். ஆறும்போது கூலன்ட்டுக்குப் பதில் காற்றை இழுக்கும். மூடிக்கு அருகிலுள்ள முனைதான் முதலில் வெடிக்கும். அரை அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி மாட்டலாம். டப்பாவுக்குள் இந்த ஹோஸின் மறுமுனை அடிவரை போகிறதா என்றும் பாருங்கள். மேலேயே நின்றுவிட்டால் காற்றைத்தான் உறிஞ்சும்.

ரேடியேட்டர் கழுத்து. மூடியின் ரப்பர் உட்காரும் உள்விளிம்பில் உப்புப் பொருக்கு இருந்தால் துணியால் துடைத்தெடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் கோடு விழும். அப்புறம் எந்த மூடி போட்டாலும் நிற்காது.

மூடி ரேடியேட்டரில் இல்லாமல் டப்பாவின் மேலேயே திருகி இருக்கும் கார்களுக்கு இந்த அறிகுறி பொருந்தாது. அவற்றில் டப்பாவும் அழுத்தத்தில்தான் இருக்கும். வயதான பிளாஸ்டிக் டப்பாவின் ஒட்டு விளிம்பில் முடி அளவு வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

## அறிகுறி 2: வண்டிக்கு அடியில் சொட்டு

முதலில் அது கூலன்ட்தானா? ஏசி போட்டு ஓட்டிய பிறகு டேஷ்போர்டுக்குக் கீழே சொட்டுவது வெறும் தண்ணீர். நிறம், பிசுபிசுப்பு எதுவும் இருக்காது. கூலன்ட் விரலிடையே வழுக்கும், காய்ந்தால் ஒட்டும், லேசாக இனிப்பு வாசனை வரும். நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். எத்திலீன் கிளைகால் விஷம். நாய், பூனை அதை நக்கிச் சாகும், தரையில் தேங்கினால் கழுவிவிடுங்கள்.

இரவில் வண்டிக்கு அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, முன்சக்கரம் இருக்கும் இடத்தைக் குறித்துவிடுங்கள். காலையில் கறை விழுந்த இடம் பாதி வேலையை முடித்துவிடும்.

கறை முன்பம்பருக்கு நேர் கீழே: ரேடியேட்டர், அல்லது அதன் கீழ் ஹோஸ். கிளிப்பைக் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள். அதற்குமேல் முறுக்கினால் கிளிப்பு ஹோஸுக்குள் வெட்டும். ஹோஸை அமுக்கும்போது நறநறவென்று சத்தம் வந்தாலோ, முனை உப்பியிருந்தாலோ மாற்றும் வயது வந்துவிட்டது. மேலும் கீழும் சேர்த்தே மாற்றுங்கள். கசிவு ரேடியேட்டரிலேயே என்றால் எந்த வகை என்று பார்க்க வேண்டும். பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டரை ரேடியேட்டர் கடையில் ஈயம் வைத்து அடைக்கலாம், நன்றாக நிற்கும். அலுமினியத்தில் பிளாஸ்டிக் டேங்க் மடித்துப் பொருத்தியது என்றால், அந்த மடிப்பில்தான் ஒழுகும். எம்சீல் பூசினால் சூடும் அழுத்தமும் ஏறி இறங்கி சீக்கிரமே விட்டுவிடும். புது ரேடியேட்டர் வாங்குவதே வழி.

கறை பெல்ட் இருக்கும் பக்கம்: வாட்டர் பம்ப். பம்பின் அடியில் சின்னத் துளை ஒன்று உண்டு; உள்ளே சீல் தேய்ந்தால் அங்கிருந்து கூலன்ட் வரும். அந்தத் துளையை அடைத்துவிடும் கைவேலைக்காரர்கள் உண்டு. அடைத்தால் கூலன்ட் பேரிங்குக்குள் போய், பம்ப் நடுவழியில் நின்றுவிடும். பெல்ட்டைக் கழற்றி புல்லியை ஆட்டிப் பாருங்கள். ஆட்டமோ உறுமலோ இருந்தால் பம்ப் முடிந்தது. பம்பை எட்ட டைமிங் பெல்ட்டைக் கழற்ற வேண்டிய எஞ்சின் என்றால் மெக்கானிக்கிடம் விடுங்கள்; பெல்ட்டையும் அப்போதே புதிதாகப் போட்டுவிட்டால் இரண்டாவது கூலி மிச்சம்.

கறை எஞ்சினுக்கு நடுவில் அல்லது பின்பக்கம்: ஹீட்டர் ஹோஸ்கள், எஞ்சின் பின்னால் ஓடும் இரும்புக் குழாய், வெல்ச் பிளக் (பிளாக்கின் பக்கத் துளைகளை அடைக்கும் தகட்டு மூடி). போர்வெல் தண்ணீர் ஊற்றியே ஓடிய வண்டிகளில் வெல்ச் பிளக்குகள் உள்ளிருந்து துருப்பிடித்து அரித்துவரும். ஒன்று ஓட்டையானால் மற்றவையும் அதே நிலையில்தான் இருக்கும். எட்டக்கூடிய எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றச் சொல்லுங்கள். கியர்பாக்ஸ் பக்கம் இருப்பதை மாற்றக் கியர்பாக்ஸையே இறக்க வேண்டியிருக்கலாம். அது பட்டறை வேலை.

ஆம்னியில் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருப்பதால், சீட்டைத் தூக்கிப் பார்க்காமல் தேடல் முடிந்தது என்று சொல்ல முடியாது.

## அறிகுறி 3: தரையில் ஈரமே இல்லை, ஆனாலும் குறைகிறது

இதைக் கேட்டதும் ஹெட் கேஸ்கெட் என்று தீர்ப்பு எழுதுவதுதான் வழக்கம். உண்மையில் பெரும்பாலான சின்னக் கசிவுகள் தரையைத் தொடுவதில்லை. சூடான பிளாக்கின் மேலோ சைலன்சர் குழாயின் மேலோ விழுந்து அங்கேயே காய்ந்துவிடும்.

தேட வேண்டியது ஈரத்தை அல்ல, காய்ந்த தடத்தை. வெள்ளை, பச்சை, ஆரஞ்சு நிறப் பொருக்கு எங்கே படிந்திருக்கிறது? எஞ்சின் ஆறியபின் போனில் வீடியோ போட்டு, விளக்கை எரியவிட்டு, கை போகாத இடங்களில் எல்லாம் செலுத்திப் படம் பிடியுங்கள். தெர்மோஸ்டாட் (சூட்டுக்கு ஏற்பக் கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) மூடியின் சந்து, டெம்பரேச்சர் சென்சாரின் மரை, கார்புரேட்டருக்கோ த்ராட்டில் பாடிக்கோ போகும் சுண்டுவிரல் ஹோஸ்கள், பம்பின் அடித்துளை, ஒவ்வொரு கிளிப்பின் அடிப்பக்கம் எல்லாவற்றையும் பாருங்கள். சந்தேகம் உள்ள இணைப்புகளில் வெள்ளை டிஷ்யூ பேப்பரைச் சுற்றிவிட்டு இரவு விட்டுவைத்தால், காலையில் எது நிறம் மாறியது என்று தெரியும். எஞ்சினைக் கிளப்பும் முன் எல்லாத் தாளையும் எடுத்துவிட வேண்டும்.

சில கசிவுகள் ஆறியபோது மட்டும் வரும். ரப்பர் சுருங்கி கிளிப்பு தளரும், சூடேறினால் மறுபடி இறுகிக்கொள்ளும். ஆகவே அதிகாலையில் ஒரு முறை, ஓட்டி வந்து அணைத்துப் பத்து நிமிடம் கழித்து ஒரு முறை என இரண்டு நேரமும் பாருங்கள்.

கண்ணுக்கு எதுவும் சிக்கவில்லையா? அடுத்தது பிரஷர் டெஸ்ட். ஆறிய எஞ்சினில் மூடிக்குப் பதில் கைப்பம்பை மாட்டி, மூடியில் அச்சிட்ட அழுத்தம்வரை மட்டும் ஏற்ற வேண்டும். 0.9 மூடி என்றால் ஏறக்குறைய 13 பிஎஸ்ஐ. பதினைந்து நிமிடம் முள் அசையாமல் நின்றால் நல்லது. இறங்கினால் ஹிஸ் சத்தத்தையோ சொட்டையோ தேடிப் பிடிக்கலாம். சைக்கிள் பம்பும் வால்வும் வைத்து வீட்டிலேயே செய்ய முயல வேண்டாம். அளவு தாண்டினால் நன்றாக இருந்த ஹீட்டர் கோரும் (காருக்குள் சூடு தரும் சின்ன ரேடியேட்டர்) உடையும். பம்பு இல்லாத பட்டறையில் இந்தக் குறைக்கு வண்டியை விடுவதில் பயனில்லை. முள் இறங்குகிறது, வெளியே எங்கும் ஈரம் இல்லை என்றால் இரண்டே இடம்தான் மீதி: காருக்குள் ஹீட்டர், அல்லது எஞ்சினுக்குள்.

## அறிகுறி 4: காருக்குள் மிதியடி ஈரம், கண்ணாடியில் பிசுபிசுப்பான மூட்டம்

டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர். ஏசி வடிகுழாய் அடைத்துக்கொண்டாலும் மிதியடி நனையும். ஆனால் அந்த ஈரத்தில் வாசனை இருக்காது, கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் வராது. ஹீட்டர் கோரை மாற்ற டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும், கூலி அதிகம். சமவெளியில் ஓடும் வண்டிக்கு ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் எஞ்சின் பக்கத்திலேயே ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் போதும். ஊட்டி, கொடைக்கானல் வாசிகள் மாற்றித்தான் ஆக வேண்டும்.

## அறிகுறி 5: நெரிசலில் நின்றால் டப்பா பொங்குகிறது

இங்கே கசிவு இல்லை. கொதித்து வெளியே தள்ளுகிறது. ஓட்டத்தில் முள் சரியாக இருந்து, சிக்னலில் மட்டும் ஏறினால் ஃபேனைப் பாருங்கள். ஏசியைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறதா? பெரும்பாலான கார்களில் சுற்ற வேண்டும். ஏசிக்குச் சுற்றி, சூட்டுக்கு மட்டும் சுற்றவில்லை என்றால் ஃபேன் சுவிட்ச் மேல் சந்தேகம். ரேடியேட்டரில் இரண்டு ஒயரோடு இருக்கும் சாதாரண சுவிட்ச் என்றால், இணைப்பைக் கழற்றி இரண்டு ஒயரையும் சேர்த்துப் பாருங்கள். ஃபேன் ஓடினால் சுவிட்ச் போய்விட்டது. கம்ப்யூட்டருக்குப் போகும் சென்சார் ஒயரில் இந்த வித்தை வேண்டாம். எதற்குமே சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, கடைசியாக ஃபேன் மோட்டார்.

மாறாக, நெடுஞ்சாலையில் வேகம் எடுத்தால் ஏறுகிறது, நகரத்தில் சரி என்றால் ரேடியேட்டர் அடைப்பு. ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் பூச்சியும் தூசியும் அடைந்திருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கி மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். அடைப்பு உள்பக்கம் என்றால் ரேடியேட்டர் கடை. பெல்ட் தளர்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான், அதை முதலில் பாருங்கள்.

வண்டி சூடாகிறது என்றதும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் நம் ஊர்ப் பட்டறைகளில் இன்னும் போகவில்லை. கழற்றினால் எஞ்சின் தேவையான சூட்டுக்கு வராமல் பெட்ரோல் குடிக்கும். அடைத்த ரேடியேட்டர் அடைத்தபடியே இருக்கும். பழையது ஒட்டியிருந்தால் புதிதாக ஒன்று போடுங்கள். விலை பெரிதில்லை. சந்தேகம் என்றால் கழற்றிய தெர்மோஸ்டாட்டைக் கொதிக்கும் தண்ணீரில் தொங்கவிடுங்கள். அதன்மேல் 82 (டிகிரி) என்று இருந்தால், கொதி வருவதற்குள் நன்றாகத் திறந்திருக்க வேண்டும்.

## அறிகுறி 6: காலையில் மிஸ்ஸிங் (எஞ்சின் சீராக ஓடாமல் உதறுவது), வெள்ளைப் புகை, ரேடியேட்டரில் குமிழி

ஹெட் கேஸ்கெட் பேச்சை எடுக்க வேண்டிய இடம் இதுதான். ஆனாலும் ஒரே அறிகுறியை வைத்து முடிவு செய்யக்கூடாது. குறைந்தது இரண்டு அறிகுறிகளாவது ஒத்துவர வேண்டும்.

மார்கழிக் காலையில் சைலன்சரில் வெள்ளையாக ஆவி வருவது சகஜம், சில நிமிடத்தில் நின்றுவிடும். பத்து கிலோமீட்டர் ஓடிய பின்னும் அடர்த்தியாக, இனிப்பு வாசனையோடு வந்தால்தான் கூலன்ட் எரிகிறது. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பால் ஏடு மாதிரிப் படிவதும் தனியாகப் பெரிய சாட்சி இல்லை. தினம் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் ஈரம் தேங்கி அப்படி வரும். ஆயில் குச்சியில் அதே நிறமும் மட்டம் ஏறியதும் சேர்ந்து தெரிந்தால் எஞ்சினைக் கிளப்பவே வேண்டாம். அந்தக் கலவை பேரிங்குகளைத் தின்றுவிடும்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனைகள்:

- ராத்திரி முழுக்க ஆறிய வண்டியைக் கிளப்புங்கள். ஒன்று, இரண்டு நிமிடத்தில், ஹோஸ் இன்னும் சூடாகாதபோதே கல் மாதிரி இறுகினால், சிலிண்டர் வாயு கூலன்ட்டில் கலக்கிறது.
- ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்துக் கிளப்புங்கள். ஆரம்பக் குமிழிகள் அடைபட்ட காற்றாக இருக்கலாம். ஐந்து நிமிடம் கழிந்தும் நிற்காமல், ஆக்ஸிலேட்டர் தட்டும்போதெல்லாம் அதிகமானால் அது வாயுதான். பொங்கி வரத் தொடங்கினால் உடனே அணையுங்கள்.
- ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வையுங்கள். ஒன்று மட்டும் ஆவியில் கழுவியதுபோல் பளிச்சென்று இருந்தால் கூலன்ட் போகும் சிலிண்டர் அது.

பட்டறையில் கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ரேடியேட்டர் வாயில் வைக்கும் நீலத் திரவச் சோதனை. சிலிண்டரில் எரிந்த வாயு கலந்திருந்தால் திரவம் மஞ்சளாகும். இரண்டு, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் கம்ப்ரெஷன் சோதனை. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டிலும் அளவு விழுந்திருந்தால் நடுவில் கேஸ்கெட் ஊதியிருக்கிறது. இந்த இரண்டும் செய்யாமல் ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்காதீர்கள்.

கார்புரேட்டர் வண்டிக்காரர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். மாருதி 800 போன்றவற்றில் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளும் கூலன்ட் ஓடுகிறது. அதன் கேஸ்கெட் போனாலும் கூலன்ட் உள்ளே இழுக்கப்பட்டு வெள்ளைப் புகை வரும். ஆனால் நீலத் திரவம் மஞ்சளாகாது. ஹெட்டைத் தொடாமலே முடியும் பழுது அது.

ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சின் "டக்"கென்று அடைத்து நின்றால் மறுபடி சாவியைத் திருப்பக் கூடாது. சிலிண்டரில் கூலன்ட் நிறைந்திருக்கலாம்; தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். டோ செய்து கொண்டுபோங்கள்.

ஹெட் கழற்றியே ஆக வேண்டும் என்றால் கேஸ்கெட் மட்டும் மாற்றி மூடிவிடக் கூடாது. ஒருமுறை அளவுமீறிச் சூடேறிய அலுமினிய ஹெட் வளைந்திருக்கலாம். நேர்ப்பட்டியும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து அளக்கச் சொல்லுங்கள். இந்தச் சின்ன ஹெட்களுக்கு 0.05 மி.மீ. தாண்டினால் லேத் பட்டறையில் ஃபேஸிங் போட்டு (பரப்பைச் சீவி) சமமாக்க வேண்டும். வெடிப்பு இருக்கிறதா என்று பிரஷர் சோதனையும் அங்கேயே செய்துகொள்ளலாம்.

## அறிகுறி 7: வழியில் முள் சிவப்புக்குப் போய்விட்டது

ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். ஒரு மணி நேரமாவது தொடாதீர்கள். அவசரத்தில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கும். ஆறியபின் ஊற்றிய தண்ணீர் ஊற்ற ஊற்றவே கீழே போகிறது என்றால் ஓட்ட முயல வேண்டாம்.

ரேடியேட்டரில் மஞ்சள் தூளைப் போட்டுக் கசிவை அடைக்கும் வித்தை லாரிக்காரர்களிடம் பிரபலம். அடைக்கவும் செய்யும். அதே தூள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் ஹீட்டரையும் சேர்த்தே அடைக்கும். கடையில் விற்கும் கசிவு அடைப்புப் பொடிக்கும் இதே கதைதான். நடுக்காட்டில் நிற்கும்போது மட்டும் போடலாம். ஊர் வந்ததும் மொத்தமாகக் கழுவிவிட வேண்டும்.

## அறிகுறி 8: பழுது பார்த்த பிறகும் குறைகிறது

இரண்டு மூன்று நாள் மட்டும் குறைந்து நின்றுவிட்டால் அது கசிவு இல்லை, உள்ளே அடைபட்ட காற்று வெளியேறிய இடத்தைக் கூலன்ட் நிரப்பியதுதான். இதைத் தவிர்க்க, நிரப்பும்போது முன்பக்கம் மேடாக நிறுத்துங்கள். ஹீட்டர் குமிழைச் சூட்டுப் பக்கம் திருப்பி, மூடியைத் திறந்தபடியே ஐடிலில் ஓடவிடுங்கள். மேல் ஹோஸை இடையிடையே அமுக்கினால் குமிழிகள் வரும். தெர்மோஸ்டாட் திறந்து கீழ் ஹோஸும் சூடானதும் மட்டம் ஒருமுறை இறங்கும், நிரப்பி மூடுங்கள். மறுநாள் காலை டப்பாவில் ஃபுல் கோடுவரை சேருங்கள்.

கலவைக்கு பேட்டரி தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ போதும், போர்வெல் தண்ணீர் கூடாது. கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி. கேனில் "கலந்தது" என்று இருந்தால் தண்ணீர் சேர்க்கவே வேண்டாம். நிறம் ஒன்றாக இருக்கிறது என்று நம்பி வேறு வகையைக் கலக்காதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும், சில வகைகள் கலந்தால் கூழாகும். பழையது எது என்று தெரியாவிட்டால் முழுக்க வடித்து, கழுவி, புதிதாக நிரப்புங்கள்.

ஒரு வாரம் தாண்டியும் மார்க்கர் கோட்டுக்குக் கீழே போய்க்கொண்டே இருந்தால் மறுபடி பிரஷர் டெஸ்ட்டிலிருந்து தொடங்குங்கள். பழைய வண்டியில் ஒரு ஓட்டையை அடைத்ததும் முழு அழுத்தமும் நிற்கத் தொடங்கும், அடுத்த பலவீனமான இணைப்பு அப்போதுதான் கசியும். புது ரேடியேட்டர் போட்ட மறு வாரமே பழைய ஹோஸ் ஒழுகினால் மெக்கானிக்கோடு சண்டைக்குப் போக வேண்டியதில்லை.